வரைபடத்தில் எங்கள் வளவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காணிப் பிரச்சினை பற்றிப் பேச எங்கள் திருகோணமலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. கட்டட அனுமதி பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. முன்னதை அரசியல் என்றும் பின்னதைக் கந்தோர் அலுவல் என்றும் பிரித்து வைத்துவிட்டோம். மேடையில் ஒன்றைப் பேசுகிறோம், சபையின் கருமபீடத்தில் மற்றதற்காக வரிசையில் நிற்கிறோம். இரண்டும் ஒரே விடயம் என்பதே என் பேச்சின் சாரம். ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பது யார்? அந்தத் தீர்மானம் காணிச் சொந்தக்காரருக்கு எப்போது, எந்த மொழியில், எந்தக் கடதாசியில் தெரியவருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு வீட்டுக்கு அத்திபாரமும் போட முடியாது, ஓர் ஊரை மீட்கவும் முடியாது.

முதலில் சட்டம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம்தான் இந்த நாட்டில் கட்டட அனுமதிக்கு அடிப்படை. தெருக் கோடு, கட்டடக் கோடு, பின்பக்க வெளி என்றெல்லாம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்பவை அங்கிருந்து வந்தவை. அதன்மேல் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. 1982இல் செய்யப்பட்ட திருத்தம் அனுமதிப்பத்திர முறையை அதற்குள் கொண்டுவந்தது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது. அதிகாரசபை தன் தத்துவங்களை உள்ளூராட்சி சபைக்குக் கையளித்திருப்பதால் நாங்கள் பெரும்பாலும் சபைக்கே விண்ணப்பிக்கிறோம்.

'அபிவிருத்தி வேலை' என்றால் வீடு கட்டுவது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காணியைத் துண்டு பிரிப்பதும் அதற்குள் அடங்கும். இருக்கும் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அடங்கும். உப்புவெளியில் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் நாலு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறீர்களா? அதற்கும் அனுமதி வேண்டும். கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால், அல்லது அனுமதியை மீறிக் கட்டினால், அறிவித்தல் வரும். அதற்கும் அசையாவிட்டால் அதிகாரசபை நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை கேட்கலாம்.

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தில் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிச் சொல்லும் 8J பிரிவை ஒவ்வொருவரும் ஒருதரம் வாசிக்கவேண்டும். அனுமதி இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்யக்கூடாது என்ற தடை, தனியாட்களுக்கு முன்பே, அரசாங்க நிறுவனங்களைச் சொல்கிறது. திணைக்களமோ, அதிகாரசபையோ, கூட்டுத்தாபனமோ, ஆறு பேர்ச்சஸ் காணிக்காரரோ, எல்லோரும் ஒரே வாசலால்தான் போகவேண்டும் என்பது 1982இலிருந்து எழுத்தில் இருக்கும் சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள்.

எங்கள் பட்டினம் கடலுக்குள் நீண்ட ஒரு கழுத்தின்மேல் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்குடா, மறுபக்கம் உட்துறைமுகம். கிழக்கே பிரெட்ரிக் கோட்டை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே எழுப்பியது. பிறகு ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர், இன்று இலங்கை இராணுவம். தெற்கே டொக்யார்ட். 1957இல் பிரித்தானியக் கடற்படை கையளித்துவிட்டுப் போன தளம், இன்று இலங்கைக் கடற்படையிடம். குடாவுக்கு அப்பால் சீனக்குடாவில் விமானப்படைத் தளம். அதையொட்டிக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99. பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து ஆலை. இவற்றைச் சூழவும் துறைமுக அதிகாரசபையின் காணி. வடமேற்கே 1963இல் பிரகடனமான நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம். அந்தப் பெயரே அது யாருடைய தண்ணீருக்காக ஒதுக்கப்பட்ட காடு என்பதைச் சொல்லும்.

மிச்சம் என்ன? வடக்கே ஒரு கீற்று. உவர்மலையும் பட்டினத்தின் பழைய வீதிகளும் நிரம்பிய பிறகு, உப்புவெளி, ஆலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று கரையோரமாகவே ஊர் நீண்டது. மக்கள் கடற்கரையை நோக்கிப் போனதற்கு ஆசை காரணமில்லை. நல்ல மேட்டு நிலமெல்லாம் வேலி அடைக்கப்பட்டிருந்தது. இன்று நெரிசல், மழைக்கால வெள்ளம், அனுமதியில்லாக் கட்டடம் என்று நகரின் நோய்களைப் பட்டியலிடும் அதிகாரிகள் இந்த மூல காரணத்தை முதல் வரியில் எழுதவேண்டும். மனிதர் குடியிருக்கக் கூடிய இடத்தைச் சுருக்கிவிட்டு, சுருங்கிய இடத்தில் ஒழுங்கு தவறினார்கள் என்று குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல.

கரையோரமாக நீண்ட இந்தக் கீற்றில்தான் அடுத்த சட்டம் வந்து உட்காருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்தாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடலோர மணலும் தாழையும் அடம்பன்கொடியும் போனால் கரை போகும், கரை போனால் வீடு போகும். ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடந்தது வேறு.

சுனாமிக்குப் பின் அரசு ஒரு தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கிழக்குக்கு ஏன் இரட்டை அளவு என்று வாடியும் வலையும் இழந்து நின்ற குடும்பத்துக்கு யாரும் விளக்கவில்லை. நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம், அலை எந்த வாய்க்காலால் உள்ளே வந்தது என்று இடத்துக்கு இடம் பார்க்கவுமில்லை. ஒரு நாடாவை வைத்து நேராக இழுத்தார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மீனவக் குடும்பங்கள் உள்ளே தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தன. பிறகு அந்த வலயம் தளர்த்தப்பட்டு, கரையோரத் திணைக்களத்தின் முந்திய பின்னொதுக்கு அளவுகளுக்கே திரும்பினார்கள். இடையில் போனது சனங்களின் காலம். அதோடு விதியின் மேலிருந்த நம்பிக்கையும் போனது. விஞ்ஞானப்படி வந்த விதிகூட, மக்களிடம் கேளாமல் வந்து கேளாமலே மாறினால், அடுத்த தடவை யாரும் அதை மதிக்கமாட்டார்கள். இன்று கரையிலே எழும்பும் அனுமதியில்லா மதில்கள் பலவற்றின் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது.

சம்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நிலப் பயன்பாட்டு அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியாது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வயலும் குளமும் பத்திரகாளி கோயிலுமாக இருந்த ஊர் அது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சோடு மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். செப்டெம்பர் 4இல் படையினர் சம்பூரைக் கைப்பற்றினார்கள். 2007 மே 30இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் என்று அவசரகாலச் சட்டத்தின்கீழ் வர்த்தமானி வந்தது. அப்போது சம்பூர் மக்கள் முகாம்களில் இருந்தார்கள். தங்கள் வளவுக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அது நடந்து ஐந்தாண்டு போய், போரும் முடிந்து, 2012 மேயில் இன்னொரு வர்த்தமானி. இந்தத் தடவை பெயர் வேறு: முதலீட்டுச் சபையின்கீழ் பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயம், 818 ஏக்கர். பக்கத்திலே 500 மெகாவாற் அனல்மின் நிலையத் திட்டம். கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கொட்டிலுக்குள் இருந்தவர்களின் பெட்டிக்குள் உறுதிகள் இருந்தன. உறுதி பொய்யென்று யாரும் சொல்லவில்லை. அந்த நிலத்தின் பயன்பாடு மாறிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

2015 மேயில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானியை இரத்துச் செய்தார். 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த பகுதியும் விடப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அனல்மின் நிலையத் திட்டம் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. மக்கள் திரும்பிப் போனபோது வேலியில்லை, எல்லைக்கல் இல்லை, கிணறுகள் தூர்ந்து போயிருந்தன. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபடி சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளி என்பது நல்ல மாற்றம், அதை நான் வரவேற்கிறேன். அதற்காகக் கேட்கவேண்டியதைக் கேளாமல் விட முடியாது. இத்தனை திருப்பத்திலும் ஒரு தடவையாவது சம்பூர்க் காணிச் சொந்தக்காரர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி, வரைபடத்தை விரித்து, 'உங்கள் வளவு இங்கே இருக்கிறது, இதைத்தான் செய்ய நினைக்கிறோம், உங்கள் ஆட்சேபனை என்ன?' என்று முறையாகக் கேட்டிருக்க வேண்டாமா?

துறைமுகக் காணியிலும் இதே கதைதான். துறைமுக அதிகாரசபை 1979இல் உருவானது. 1984இல் வர்த்தமானி மூலம் துறைமுகத்தைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பு அதனிடம் போனது. அதற்கு முன்பே அங்கு வயல் செய்தவர்கள் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தார்கள். காகிதத்தில் துறைமுகம், மண்ணில் நெல். இப்படியே நாற்பது ஆண்டு. பிறகு சூரியமின் நிறுவனங்களுக்குக் குத்தகை என்று வந்தபோது, முத்துநகர் விவசாயிகள் 2025இல் மாவட்டச் செயலகத்தின் முன்னால் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காகிதத்துக்கும் மண்ணுக்கும் இடையிலிருந்த முரணை நாற்பது ஆண்டில் எந்தக் கந்தோராவது தீர்த்திருந்தால், வெயிலில் அவர்கள் அமர வேண்டியிருக்காது.

எல்லோருக்கும் ஒரே வாசல் என்று சொன்னேன். மதத் தலங்களுக்கும் அது பொருந்தவேண்டும். 2005 மேயில் பஸ் நிலையத்தருகே இரவோடிரவாக நிறுவப்பட்ட புத்தர் சிலையும், 2025 நவம்பரில் கடற்கரையில் வைக்கப்பட்டு, அகற்றப்பட்டு, மறுநாளே மீண்டும் வைக்கப்பட்ட சிலையும் இந்த ஊரை எப்படிக் கலக்கின என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலோ விகாரையோ பள்ளிவாசலோ தேவாலயமோ, கட்டுவதற்கு முன் விண்ணப்பம், பிளான், அயலவரின் ஆட்சேபனைக்கு இடம் என்ற ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், கட்டட அனுமதியாக முடியவேண்டிய விடயம் இனப் பிரச்சினையாக வளராது. சட்டம் சிலருக்கு வளைகிறது என்று கண்ட மக்கள் தங்கள் பின்பக்க வெளியையும் மூடிக் கட்டத்தான் செய்வார்கள்.

அப்படிக் கட்டுவதற்கு இதை ஒரு நியாயமாக நான் ஏற்கமாட்டேன். இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் உறுதிகளை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னாருடைய வளவு; 'இதனுள் அடங்கிய வீடு, கிணறு, தென்னை, பலன்தரு மரங்கள்' என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். சீதனமாக மூத்த மகளுக்கு ஒரு துண்டு, அடுத்தவளுக்கு ஒரு துண்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து வந்திருக்கும். அந்த வாய்க்கால் இன்று எங்கே? பாதி மதிலுக்குள் போயிருக்கும், மீதி சீமெந்து மூடியின் கீழ் இருக்கும். ஒழுங்கை உறுதியில் பன்னிரண்டு அடி, நிலத்தில் எட்டடி. இரு பக்கத்தாரும் மதிலைக் கட்டும்போது ஆளுக்கு இரண்டடி முன்னே வந்திருப்பார்கள். பிறகு அம்புலன்ஸ் வரவில்லை என்று சபையைக் குறைசொல்கிறோம்.

1986ஆம் ஆண்டின் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் ஒரு காணித் துண்டு ஆகக் குறைந்தது 150 சதுர மீற்றராக, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸாக இருக்கவேண்டும் என்றன. 2021இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. விபரங்கள் மாறியிருக்கின்றன, காணிக்கு ஒரு கீழெல்லை வேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை. பத்துப் பேர்ச்சஸை மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிரித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். உறுதி எழுதிவிடலாம், பதிவும் செய்துவிடலாம். பிளான் பாஸ் பண்ணப் போகும்போதுதான் துண்டு பிரித்ததற்கே சபையின் அனுமதி இல்லை என்று தெரியவரும். கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கடன் பெற வங்கிக்குப் போன இடத்தில் அது வெடிக்கும். இதற்குத் தந்தையரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உறுதி எழுத வரும்போதே 'துண்டு பிரிப்பு அனுமதி எடுத்தாயிற்றா?' என்று கேட்கவேண்டிய கடமை நொத்தாரிசுக்கு உண்டு. அந்த ஒரு கேள்வி எத்தனையோ குடும்பச் சண்டையைத் தவிர்க்கும்.

பின்பக்க வெளியை விடச் சொல்வது அதிகாரியின் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். இது மணல் பூமி. நிலத்தடி நன்னீர் ஒரு மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது, அதன் கீழே உவர். வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு மலக்குழி. நீங்கள் பின் மதில்வரை கூரை போட்டு, மலக்குழியை மூலைக்குத் தள்ளினால், அது போய் நிற்பது அயலவரின் கிணற்றடியில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடைவெளியை அளப்பது அந்தக் கிணற்றிலே அள்ளிக் குடிக்கும் குழந்தைக்காக. முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டால், வாடைமழைத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் ஒழுங்கைக்கு வரும், ஒழுங்கையிலிருந்து பள்ளத்து வீட்டுக்குப் போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாவிலாற்றில் அணைக்கட்டு உடைப்பெடுத்ததையும், மூதூர், வெருகல் பக்கம் மக்கள் பட்ட பாட்டையும் கண்டோம். மகாவலி கடலில் கலக்கும் மாவட்டம் இது. தண்ணீர் போகும் வழியை வரைபடத்தில் குறித்து, அதில் கட்டவிடாமல் தடுப்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. திட்டமிடல் என்ற பெயரில் அதிகம் அடிபட்டவர்கள் நாங்கள். நேர்மையான திட்டமிடல் அதிகம் தேவைப்படுபவர்களும் நாங்கள்தான்.

யார் திட்டமிடுவது என்பது கடைசிச் சிக்கல். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரியது. நகர அபிவிருத்தி அதிகாரசபை மத்திக்குரியது. துறைமுகம், கரையோரம், தொல்பொருள், வனஜீவராசிகள் எல்லாம் மத்தி. அந்தத் திருத்தத்தில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு 1987இலிருந்து இன்றுவரை அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது, அதன் பின் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல்வரை உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளின் கையில் கிடந்தன. நகரத்துக்கான பெருந்திட்டத்தைத் தயாரிக்கச் சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்தை அழைத்தார்கள். நிபுணத்துவம் எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் ஊர் வாய்க்கால் எந்த மாதத்தில் எந்தத் திசையில் ஓடும் என்பதைத் திருக்கடலூரிலும் பாலையூற்றிலும் உள்ள பெரியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

இப்போது சபையில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். நடைமுறையிலுள்ள நில வலயப் பிரிப்பு வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய அளவில் அச்சிட்டு, சபையின் முன் மண்டபத்திலும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் நூலகத்திலும் தொங்கவிடுங்கள். துறைமுக அதிகாரசபை, கரையோரத் திணைக்களம், வனஜீவராசிகள், தொல்பொருள், படையினர் ஆகியோர் உரிமை கோரும் எல்லைகளை அதே படத்தில் நிறம் வேறாகக் காட்டுங்கள். ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் எந்த விதியின்கீழ் என்று எழுத்தில் கொடுங்கள். புதிய திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, வர்த்தமானியோடு நிறுத்தாமல், வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் வையுங்கள்.

காணிச் சொந்தக்காரர்களிடம் கேட்பது இது. காணி வாங்க முற்பணம் கொடுக்கும் முன்பே, வீதிக் கோட்டுச் சான்றிதழும் சுவீகரிப்பு இல்லை என்ற சான்றிதழும் எடுங்கள். மேசனைக் கூப்பிடும் முன் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அனுமதிப்பத்திரத்துக்குக் காலவரை உண்டு, திகதியைப் பாருங்கள். வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழை எடுத்து உறுதியோடு சேர்த்து வையுங்கள். போரில் இடம்பெயர்ந்து போனதால் உங்கள் காணியை வேறொருவர் ஆண்டுகொண்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் உங்களுக்கு இன்னும் பொருந்துமா என்று ஒரு சட்டத்தரணியிடம் விசாரியுங்கள். 1983 மே 1க்கும் 2009 மே 18க்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்காக வந்த சட்டம் அது. கந்தோரில் பதில் கிடைக்காவிட்டால் சத்தம் போடவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லியாகவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள்.

அடுத்த திட்ட வரைவு பார்வைக்கு வரும் நாளில், இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவராவது போய், தங்கள் வளவை அந்தப் படத்தில் தேடிக் கண்டுபிடித்து, ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்கி வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.